கணக்கைக் காத்தலும் கணக்கைச் சொல்லுதலும்



பழைய மளிகைக் கடைகளில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று சிட்டை, மற்றொன்று பேரேடு. அன்றன்று நிகழும் விற்பனையும் கடனும் நிகழ்ந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். இரவு கடையைக் கட்டியபின் கணக்குப்பிள்ளை விளக்கருகே அமர்ந்து, அவற்றை ஆள்வாரியாகப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார். முதலாளி வந்து, "இந்த மாதம் நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், பேரேட்டைப் புரட்டி ஒரு தாளில் தொகுத்துக் கொடுப்பார். சிட்டையும் பேரேடும் கணக்கைக் காப்பவை. அந்த ஒரு தாள் கணக்கைச் சொல்வது. காத்தல் ஒரு தொழில். சொல்லுதல் மற்றொரு தொழில். இரண்டும் செம்மையாக நடந்தால்தான் கடை நடக்கும்.

இன்று அந்தப் பேரேட்டின் இடத்தில் தரவுத்தளம் அமர்ந்திருக்கிறது. 'டேட்டாபேஸ்' என்று அலுவலகங்களில் வழங்குவது இதனையே. நீங்கள் தேர்வுக்குக் கட்டணம் செலுத்துகிறீர்கள். இரயிலுக்குச் சீட்டு வாங்குகிறீர்கள். நியாய விலைக் கடையில் அரிசி பெறுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் அட்டவணையில் ஒரு வரி ஏறுகிறது. அந்த வரியைக் காப்பவர் தரவுத்தள நிர்வாகி. அவ்வரிகளைத் திரட்டிப் பொருள் சொல்வது அறிக்கை. இவ்விரண்டு பணிகளிலும் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. உங்களிற் பலர் நாளை இப்பணிகளுக்கு வரக்கூடும் ஆதலின், நான் கற்றவற்றுள் சிலவற்றை இன்று சொல்ல விரும்புகிறேன். அவற்றுள் முதற்பாடத்தை நான் நூலிலிருந்து கற்கவில்லை. ஒரு பிழையிலிருந்து கற்றேன்.

அப்போது நான் இளைஞன். மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அலுவலகத்தில் பதிவுகளைப் பராமரிக்கும் வேலை. அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டா, பிழை என்னுடையது. விண்ணப்பங்கள் பல ஊர்களிலிருந்து வந்து கணிப்பொறியில் ஏறியிருந்தன. ஒருவரே இருமுறை விண்ணப்பித்திருந்தால் இரண்டு முறை பணம் போய்விடும் அல்லவா? அதனைத் தடுக்க எண்ணி, பெயர், கல்லூரி, பிறந்த ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்திருக்கும் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும்படி ஒரு கட்டளை எழுதினேன். கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் 41 பதிவுகளை அழித்தது. 'இரட்டைப் பதிவுகள் நீக்கம்: 41' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன். மேலதிகாரி படித்துப் பாராட்டினார்.

மூன்று மாதங்கள் கழித்து ஒரு முதியவர் தம் மகளுடன் வந்து நின்றார். காலில் செருப்பில்லை, கையில் ஒரு துணிப்பை.

"ஐயா, பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒழுங்காகத்தானே எழுதிப் போட்டோம்?" என்றார்.

"உட்காருங்கள் பெரியவரே, பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறிக் கணிப்பொறியில் தேடினேன். எஸ். லட்சுமி என்ற பெயர் இருந்தது. ஆனால் அந்த லட்சுமியின் தந்தை சுப்பிரமணியன். என் எதிரே நின்றவர் செல்வராசு. ஒரே கல்லூரி, ஒரே ஆண்டில் பிறந்தவர்கள், தலைப்பெழுத்தும் ஒன்றே. ஆள் மட்டும் வேறு. என் கட்டளை அந்தப் பெண்ணை இரட்டைப் பதிவென்று எண்ணி அழித்துவிட்டது.

சரி, பழைய காப்பு நகலிலிருந்து எடுத்துவிடலாம் என்று எண்ணினேன். வாரந்தோறும் தவறாமல் நாடாவில் நகல் எடுத்து, தேதியிட்டு, அலமாரியில் அடுக்கி வைத்திருந்தோம். அந்நாடாவைப் பொருத்திப் பார்த்தபோது அது படிக்கப்படவில்லை. அதற்கு முந்தையதும் அவ்வாறே. நகல் எடுத்தோமே தவிர, ஒருநாளாவது அதனைத் திரும்ப ஏற்றிப் பார்த்தோமில்லை. முடிவில் எங்களைக் காத்தவை கட்டிப் போடப்பட்டிருந்த காகித விண்ணப்பங்களே. இரண்டு நாள் தூசியில் அமர்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். நான் அழித்த 41 பேரில் 6 பேர் வெவ்வேறு ஆட்கள். ஐவருக்குப் பணம் கிடைக்கச் செய்தோம். லட்சுமியின் தாயார் அதற்குள் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தியிருந்தார். அதனை மீட்க முடிந்தது. ஆறாவது மாணவன் மட்டும், பணம் வராது என்று எண்ணிப் படிப்பை நிறுத்திவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தான். கடிதம் எழுதினோம். அவன் திரும்பி வரவில்லை.

அன்று முதல், அட்டவணையில் ஒரு வரியைக் காணும்போதெல்லாம் அதன் பின்னால் ஓர் ஆள் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். நான் சொல்லப் போகும் குறிப்புகள் யாவும் அந்த நினைவிலிருந்து பிறந்தவை.

முதற்குறிப்பு: ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த அடையாள எண் ஒன்று வேண்டும். பெயர் அடையாளமாகாது. நம் நாட்டில் இது மேலும் உண்மை. மேல்நாட்டார் வகுத்த படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும். நமக்கோ குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. அதனை ஒருவர் முன்னே எழுதுவார். ஒருவர் பின்னே எழுதுவார். ஒருவர் தமிழில் 'சு.' என்றும் ஆங்கில ஒலிப்பில் 'எஸ்.' என்றும் மாற்றி எழுதுவார். ஆகவே, எக்காலத்தும் மாறாத, இருவருக்குப் பொதுவாகாத ஓர் எண்ணைக் கொடுத்து, அதனையே திறவுகோலாகக் கொள்ள வேண்டும். தரவுத்தள நூல்கள் இதனை முதன்மைத் திறவுகோல் என்னும்.

இரண்டாவது குறிப்பு: ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுதுக. இக்கருத்துக்கு அடிப்படை இட்டவர் எட்கர் காட் என்னும் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், செய்திகளை எளிய அட்டவணைகளாகப் பகுத்து, அவற்றுக்கிடையே உள்ள உறவால் இணைக்கலாம் என்று காட்டினார். 1981-இல் அவருக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது. அவர் கருத்தை ஒட்டி அதே நிறுவனத்தில் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் ஒரு வினவல் மொழியை வெளியிட்டனர். இன்று எஸ்.க்யூ.எல். என்று உலகெங்கும் வழங்கும் மொழி அதன் வழிவந்ததே.

கல்லூரியின் முகவரியை ஒவ்வொரு மாணவன் பெயருக்கு எதிரிலும் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இடம் மாறினால் ஐந்நூறு வரிகளைத் திருத்த வேண்டும். நானூற்றுத் தொண்ணூற்றெட்டைத் திருத்தி இரண்டை விட்டுவிட்டால், கல்லூரிக்கு இரண்டு முகவரிகள் ஆகிவிடும். எது மெய் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முகவரியைக் கல்லூரிகளின் அட்டவணையில் ஒருமுறை எழுதி, மாணவன் வரியில் கல்லூரியின் எண்ணை மட்டும் எழுதினால் இத்தொல்லை இல்லை.

மூன்றாவது குறிப்பு: பாதியில் நிற்கக் கூடாத செயல்களைக் கட்டி வைக்க வேண்டும். ஒருவர் கணக்கிலிருந்து நூறு ரூபாய் கழித்து மற்றொருவர் கணக்கில் சேர்க்கிறோம். கழித்த பின், சேர்க்குமுன், மின்சாரம் நின்றுவிட்டால்? நூறு ரூபாய் காற்றில் போய்விடும். ஆகவே இரண்டும் நிகழ வேண்டும்; அன்றேல் இரண்டும் நிகழாதிருக்க வேண்டும். இப்படிக் கட்டுண்ட செயலைப் பரிவர்த்தனை என்பர். இத்துறையில் பெரும்பணி ஆற்றிய ஜிம் கிரே என்பவருக்கு 1998-இல் டூரிங் விருது அளிக்கப்பட்டது. அவரைப் போன்றோர் தந்த வசதியை நாம் அன்றாடம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பதிவை அழிக்குமுன், அதே நிபந்தனையை வைத்து, எத்தனை வரிகள் அகப்படுகின்றன என்று முதலில் பார்வையிடுங்கள். பின்னர்ப் பரிவர்த்தனையைத் தொடங்கி அழியுங்கள், எண்ணிக்கை ஒத்திருந்தால் உறுதி செய்யுங்கள், ஒவ்வாவிட்டால் மீட்டுக்கொள்ளுங்கள். கூடுமானவரை அழிக்கவே வேண்டா. 'நீக்கப்பட்டது' என்று ஒரு குறியிட்டு, நாளையும் காரணத்தையும் எழுதி வைத்தாற் போதும். நான் இதனைச் செய்திருந்தால் அந்த ஆறு பேர் துன்புற்றிருக்க மாட்டார்கள்.

நான்காவது குறிப்பு காப்பு நகலைப் பற்றியது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், துணைக் கணிப்பொறி என்று எண்ணி முதன்மைக் கணிப்பொறியிலிருந்த தரவுகளை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 கிகாபைட் அளவுள்ள தரவு நொடிகளில் மறைந்தது. நகல் எடுக்க அந்நிறுவனத்தில் பல ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்டபோது அவை கைகொடுக்கவில்லை. அன்றாடம் நகல் எடுக்கும் கருவி, பதிப்பு வேறுபாட்டால் நெடுநாளாகப் பழுதுபட்டிருந்தது. பழுதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்ட நகல் ஒன்றே அவர்களை மீட்டது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

அந்நிறுவனம் இவற்றையெல்லாம் மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்டது. அதனால் எல்லாரும் பாடம் பெற்றோம். திரும்ப ஏற்றிப் பார்க்காத நகல், நகல் ஆகாது. மூன்று நகல்கள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் கூறும் எளிய விதி. இதனோடு, மாதம் ஒருமுறையேனும் ஒரு நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நான் சேர்த்துச் சொல்வேன்.

ஐந்தாவது குறிப்பு: சாவியை எல்லாரிடமும் கொடுக்காதீர்கள். படிக்க மட்டும் வேண்டியவருக்குப் படிக்கும் உரிமை போதும். திருத்தும் உரிமை வேண்டா. பிறருடைய முகவரியும் வருமானமும் நோயும் நம் வேடிக்கைக்காக வைக்கப்பட்டவை அல்ல. நம் நாட்டில் 2023-இல் தனிநபர் தரவைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவர் நம்பிக் கொடுத்ததை அடக்கத்தோடு காப்பதே பண்பு.

இனி, கணக்கைச் சொல்லும் தொழிலுக்கு வருவோம். அறிக்கை எழுதுவோர் முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதைப் படிப்பவர் யார்? படித்தபின் அவர் என்ன முடிவு செய்வார்?" இதற்கு விடை தெரியாவிட்டால் எழுதத் தொடங்காதீர்கள். உதவித்தொகை அதிகாரிக்கு வேண்டியது, இன்னும் பணம் போய்ச் சேராதவர் யார் என்பது. அவர் கையில் அறுபது பக்கப் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால், அவர் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவார். பணம் சேராத பன்னிருவரை முதற்பக்கத்தில் வைத்துக் காரணத்தையும் எழுதினால், அவர் மணியடித்து ஆளைக் கூப்பிடுவார். அறிக்கை செயலைப் பிறப்பித்தது என்று அப்போது சொல்லலாம்.

அடுத்தபடியாக, எந்த எண்ணையும் தனியே நிறுத்தாதீர்கள். 'விற்பனை 40,000' என்றால் பொருளில்லை. ரூபாயா, மூட்டையா? எந்த நாள் வரை? சென்ற மாதம் எவ்வளவு? இவற்றைச் சொன்னால்தான் அந்த எண் பேசும். சதவிகிதம் சொல்லும்போது அதன் அடித்தொகையையும் சொல்க. இருவர் தேறிய பள்ளியில் மறு ஆண்டு மூவர் தேறினால், அதுவும் ஐம்பது சதவிகித உயர்வுதான்!

அட்டவணை அமைப்பிலும் சில நெறிகள் உண்டு. எண்களை வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்துக. ஒன்றின் இடம், பத்தின் இடம், நூற்றின் இடம் நேராக நின்றால் பெரியது சிறியது கண்ணுக்கே புலனாகும். அலகைத் தலைப்பில் ஒருமுறை எழுதுக. ஓர் அறிக்கையில் லட்சம், கோடி என்று எண்ணினால் இறுதிவரை அவ்வாறே எண்ணுக. நடுவில் மில்லியனுக்குத் தாவ வேண்டா. 03-04 என்று தேதியிட்டால் ஒருவர் ஏப்ரல் மூன்றாம் நாள் என்பார். மற்றொருவர் மார்ச்சு நான்காம் நாள் என்பார். ஆதலின் மாதத்தைச் சொல்லால் எழுதுக. பதிவு எண்களில் முன்னே நிற்கும் சுழிகளையும் கவனியுங்கள். அவற்றை எண்ணாகக் கருதிக் கணிப்பொறி உதிர்த்துவிடும். அவை எழுத்தாகவே இருக்கட்டும்.

படம் வரைந்து கணக்குச் சொல்லும் கலைக்கு வயது இருநூறுக்கு மேல். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில், தம் நாட்டு ஏற்றுமதி இறக்குமதிகளைப் பட்டைப் படமாக வரைந்து காட்டினார். கிரிமியப் போரில் செவிலியாகத் தொண்டாற்றிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1858-இல் வட்ட வடிவான ஒரு படத்தை வெளியிட்டார். மாதத்துக்கு ஒரு கூறு. ஒவ்வொரு கூற்றிலும் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தோர் நீல நிறத்தில், போர்க்காயத்தால் இறந்தோர் செந்நிறத்தில். பகைவரின் குண்டைவிட, மருத்துவமனையின் அசுத்தமே வீரர்களை மிகுதியாகக் கொன்றது என்பதை, கணிதம் அறியாதவரும் அப்படத்தில் கண்டனர். அம்மையார் அதனை அழகுக்காக வரையவில்லை. அமைச்சர்களின் மனத்தை மாற்றுவதற்காக வரைந்தார்.

ஆயினும் படம் பொய் சொல்லவும் வல்லது. சென்ற ஆண்டு 96, இவ்வாண்டு 98 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டைகளைச் சுழியிலிருந்து தொடங்காமல் 95-இலிருந்து தொடங்கினால், இவ்வாண்டுப் பட்டை மும்மடங்கு உயர்ந்து நிற்கும். எண்ணில் பொய்யில்லை, கண்ணுக்குக் காட்டியதில் பொய் உண்டு. பட்டைப் படம் சுழியிலேயே தொடங்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. அறிக்கையை அனுப்புமுன், உள்ளே வந்த வரிகளும் வெளியே சொன்ன வரிகளும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணுங்கள். 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா நோய் பரவிய காலத்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளில் 15,841 பேர் அன்றாட அறிக்கையில் சேராமல் விடுபட்டனர். ஆய்வுக்கூடங்கள் அனுப்பிய முடிவுகளைத் திரட்டப் பழைய எக்செல் வடிவம் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தனர். அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை; மிகுதியானவை ஓசையின்றி உதிர்ந்தன. நோயாளிகளுக்குத் தம் முடிவு தெரிந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் தாமதப்பட்டது. வந்த வரிகளை எண்ணி, ஏறிய வரிகளை எண்ணி, இரண்டையும் ஒப்பிட ஒரு சிறு ஏற்பாடு இருந்திருந்தால் முதல்நாளே பிடிபட்டிருக்கும்.

நண்பர்களே, இக்குறிப்புகளில் கடினமானது ஏதுமில்லை. இவற்றை நீங்கள் இன்றே பழகலாம். உங்கள் விடுதி உணவுக் கணக்கோ, நூலகப் புத்தகப் பட்டியலோ, விளையாட்டுக் கழகத்தின் சந்தாவோ எதுவாயினும் ஆகட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுங்கள். ஒன்றை ஓரிடத்தில் எழுதுங்கள். நகல் எடுத்து, அந்த நகலைத் திறந்து பாருங்கள். மாதக் கடைசியில் அரைப்பக்க அறிக்கை எழுதிக் கணக்கறியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு என்ன விளங்கிற்று என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் எழுதக் கருதியதும் ஒன்றாக இருக்கும்வரை திருத்துங்கள்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எனினும் எங்கேனும் ஓர் அறிக்கையில் 'நீக்கம்: இத்தனை' என்று காணும்போது, அந்த எண்ணோடு நிற்க என்னால் முடிவதில்லை. நீக்கப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயராகப் படிக்கிறேன். நீங்களும் அவ்வாறு படிப்பவர்களாக வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.